நான்காம் பாடம்: வாசல்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு நன்றிக் கடிதம். கற்பனை கொஞ்சம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குரோம்பேட்டை ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது போனில் வந்தது. அனுப்பியவர் ஒரு வெளிநாட்டு ராணுவத்தின் கேப்டன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதைத் தமிழில் போட்டால் இவ்வளவுதான்:

"அன்புள்ள பத்ரி சார், உங்கள் நான்காம் பாடம் இங்கே அற்புதமாக வேலை செய்கிறது. நேற்று ஒரு வீட்டில் ஒரு பெண்மணி நாங்கள் உள்ளே வர வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி நாங்களும் சிரித்த முகத்தோடு மறுபடி மறுபடி கேட்டோம். பிறகு அவர் விலகி நின்று வழிவிட்டார். உங்களுக்கும் டீச்சர் அம்மாவுக்கும் எங்கள் நன்றி."

மரியாதையான கடிதம். எனக்கு அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். நான் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு ஒருவர் அதன்படி நடந்தார் என்பது இதுதான் முதல் தடவை. பெருமைப்பட்டிருக்க வேண்டும். வண்டி வந்தது, ஏறவில்லை. அடுத்த வண்டியிலும் ஏறவில்லை.

[இங்கே "நெஞ்சில் ஏதோ கனத்தது" என்று எழுதி அடித்துவிட்டேன். நெஞ்செல்லாம் கனக்கவில்லை. பயமாக இருந்தது. அவ்வளவுதான்.]

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் குப்பைக்குப் போக வேண்டியவை. இருந்தாலும் காட்டுகிறேன், என் கஷ்டம் உங்களுக்கும் தெரியட்டும்.

முதலாவது: "சேலையூர் கேம்ப் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து எட்டு வெள்ளைக்காரர்கள்" என்பதோடு நிறுத்திவிட்டேன். எட்டுப் பேரில் ஐந்து பேர் வெள்ளைக்காரர்களே அல்ல. வெளிநாட்டு ராணுவம் என்றதும் கை தானாக அப்படி எழுதுகிறது. பண்பாட்டைக் கற்றுக்கொடுக்கப் போன ஆளின் லட்சணம் இது.

இரண்டாவது: "பண்பாடு என்பது யாது?" இரண்டு பக்கம் போனது. எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது கொஞ்சம் தேவலை. நடந்ததை மறைக்க வேண்டுமே என்று கதையைப் பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்கு மாற்றி, வீட்டுக்காரிக்கு எல்லம்மா என்று பெயர் வைத்தேன். வீட்டுக்குள் உடம்பு சரியில்லாத மகள். வாசலில் சீருடைக்காரர்கள். எல்லம்மா வாயைத் திறந்தாள்:

"இன்னாபா வோணும் உனுக்கு? வூட்ல பொண்ணு ஒடம்பு முடியாம பட்துகினு கீது. கண்ணு தெர்ல? போ, போ, அப்பால வா."

அந்த வரியிலேயே கதை முடிந்துபோயிற்று. மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரியும். எந்த ராணுவமும் திரும்பிப் போயிருக்கும். இந்தக் கதை எல்லம்மா வீட்டில் நடக்க வழியே இல்லை. எதையும் பட்டென்று சொல்லிப் பழக்கமில்லாத, வாசலில் நின்று நாசூக்காகப் பேசுகிற என்னைப் போன்றவர்கள், உங்களைப் போன்றவர்கள் வீட்டில்தான் நடக்கும். அதனால் நடந்த வீட்டுக்கே வருகிறேன். பெயர்களையும் தெருவையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

3

நான் இருப்பது அஸ்தினாபுரத்தில். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு: மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற காகிதம், இன்ஷூரன்ஸ் நிபந்தனை, மிக்ஸி உபயோகிக்கும் முறை. கதை எழுதுவது கை அரிப்பு. இந்த வருஷம் ஜனவரியில் எட்மண்ட் கூப்பிட்டார். கேம்ப் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மாடியில் பயிற்சி நிலையம் வைத்திருப்பவர். வெளிநாடு போகிற நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது வேற லெவல். ஃபாரின் ஆர்மி. டிப்ளாய்மெண்ட்டுக்கு முன்னாடி லோக்கல் கல்ச்சர் தெரிஞ்சுக்கணும்னு வர்றாங்க. ஒரு வாரம். நீங்க மெட்டீரியல் எழுதிக் குடுங்க, கூட இருந்து ட்ரான்ஸ்லேட் பண்ணுங்க."

"எங்க போறாங்க?"

"கடல் தாண்டி சார். புயல் அடிச்ச எடம். அங்க இருக்கறவங்களும் நம்மள மாதிரி தமிழ் பேசறவங்கதான். ரிலீஃப் வொர்க், நல்ல காரியம்."

"அப்ப அங்கயே போய்க் கத்துக்கலாமே?"

"அங்க இன்னும் கரண்டே வரல சார்."

* எந்த நாட்டுப் படை, எந்தக் கரை என்று கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் மனதில் ஓர் ஊர் வந்திருக்கும். அது அல்ல. ஆனால் நீங்கள் ஏன் அதை நினைத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

கடல் தாண்டி இருப்பவர்களின் பழக்கவழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? சேலையூரில் இருக்கிற வழக்கம் அஸ்தினாபுரத்தில் இருப்பதில்லை. இதை எட்மண்டிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

வந்தவர்கள் தங்கமான பிள்ளைகள். முதல் பாடம் செருப்பு. கணுக்காலுக்கு மேல் வரை கயிறு கட்டிய பூட்ஸை ஒவ்வொரு வாசலிலும் கழற்றி மாட்ட நான்கு நிமிஷம் ஆனது. முகம் சுளிக்கவில்லை. இரண்டாம் பாடம் இடது கை. மூன்றாம் பாடம், "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் மெனு சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. அந்தக் கேப்டன் மட்டும் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் வந்து, "நான் யாரையும் புண்படுத்திவிடக் கூடாது, அதுதான் என் கவலை" என்பார்.

அவருக்கு ஒரு பெயர் வைக்கப் பார்த்தேன். எந்தப் பெயர் வைத்தாலும் ஒரு நாடு ஒட்டிக்கொள்கிறது. கேப்டன் என்றே இருக்கட்டும்.

4

அபிகாயில் டீச்சர்.

[இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு டிராஃப்டில் அப்பாவியாக வந்துவிட்டார், இன்னொன்றில் தியாகியாக. இரண்டும் இல்லை அவர். பத்தாம் வகுப்புக்கு முப்பத்தொரு வருஷம் புவியியல் எடுத்தவர். பின்வரிசையில் யார் பேசுகிறார்கள் என்று திரும்பாமலே சொல்லக்கூடியவர்.]

எட்மண்ட் போகிற அதே சர்ச்சுக்குப் போகிறவர். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில் தனி வீடு. பயிற்சிக்கு உண்மையான ஒரு வீடு வேண்டும் என்று படைக்காரர்கள் கேட்டதால் எட்மண்ட் அவரிடம் கேட்டார். டீச்சர் வீட்டுக்காரியாக நடிப்பார், சோல்ஜர்கள் கதவைத் தட்டுவார்கள். எதிர் வீட்டு ராஜகோபாலன் முதல் நாளே பால்கனியிலிருந்து, "எந்த மிஷன் சார் இவங்க?" என்று கேட்டுவிட்டார். நிவாரண வேலை என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

டீச்சருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. இஸ்திரி போட்ட காட்டன் புடவை கட்டி, தலைவாரி, வாசலில் நிற்பார். "கேப்டன் தம்பி, எடது கை, எடது கை" என்று பள்ளிக்கூடக் குரலில் அதட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள்.

நான்காம் பாடம் மூன்றாவது நாளில் வந்தது. கேப்டன் கேட்டார்: "நாங்கள் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். சுவரில் விரிசல் இருக்கிறதா, உள்ளே நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வாசலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?"

உடனே அபிகாயில் டீச்சர் சொன்னார், "எங்க ஊர்ல மொதல் வேண்டாம் வேண்டாமே இல்ல தம்பி, நீங்க இன்னும் ரெண்டு தடவை

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது. நான்கு டிராஃப்டில் இதை டீச்சர் வாயில்தான் வைத்திருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. பொய். சொன்னது நான்.

5

சொன்னது மட்டுமல்ல, எழுதிக் கொடுத்ததும் நான்தான். அச்சடித்த தாள் மேஜை மேல் இருக்கிறது:

"பாடம் 4: வாசல். தமிழர் வீடுகளில் முதல் 'வேண்டாம்' என்பது மறுப்பல்ல, மரியாதை. இரண்டாவது 'வேண்டாம்' கூச்சம். புன்னகையுடன் மூன்றாவது முறையும் கேளுங்கள். பெரும்பாலும் வழி கிடைக்கும்."

எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? காபியிலிருந்து. ஒரு வீட்டுக்குப் போகிறோம், காபி சாப்பிடுகிறீர்களா என்கிறார்கள். வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன் என்கிறோம். பச்சைப் பொய். அவர்களுக்கும் தெரியும். இன்னொரு தடவை கேட்கிறார்கள், எதுக்குங்க சிரமம் என்கிறோம். மூன்றாவது தடவை, சரி அரை டம்ளர் என்கிறோம். முழு டம்ளர் வருகிறது, குடிக்கிறோம். ஒரே தடவை கேட்டுவிட்டு விட்டுவிடுகிற வீட்டைப் பற்றி வெளியே வந்து என்ன பேசுவோம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்த வழக்கத்தைக் கொண்டுபோய் ஒரு வாசல்படியில் வைத்தேன். காபி கொடுப்பவர் கேட்கிறார், வாங்குபவர் மறுக்கிறார். இங்கே கேட்பவன் கையில் சர்க்கார் காகிதம் இருக்கிறது, தோளில் துப்பாக்கி இருக்கிறது. நிவாரணமானாலும் துப்பாக்கி உண்டு, அது அவர்கள் சட்டமாம். பயிற்சியில் துப்பாக்கி இல்லாததால் எனக்கு அது நினைவிலேயே வரவில்லை.

டீச்சர் அன்று தனியாக என்னிடம் கேட்டார்.

"சார், காபிக்கு சரி. வாசலுக்கு எப்படி சார்?"

"ப்ராக்டிஸ்தானே டீச்சர். ஏதாவது ஒரு ரூல் குடுத்தாத்தான் அவங்களுக்குப் புரியும்."

"நீங்க சொன்னா சரி சார்."

"நீங்க சொன்னா சரி" என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். நம்மூரில் இது தெரியாதவர் உண்டா? அதைப் பற்றி ஒரு பாடமே எழுதியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

6

வெள்ளிக்கிழமை கடைசி நாள், பரீட்சை. டீச்சர் வீட்டு வாசலில் ஒவ்வொருவரும் தனியாகக் கதவைத் தட்டி, பேசி, உள்ளே போக வேண்டும்.

காலையில் டீச்சர் எனக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறார். நான் ஸ்கூட்டரில் கேம்ப் ரோட்டு நெரிசலில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். போன் டிக்கிக்குள். எட்மண்டுக்கும் முயன்றிருக்கிறார். அவர் வேன் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது டீச்சர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நைட்டி. தோளில் ஒரு டவல். தலை வாரவில்லை. இப்போது எழுதும்போது எல்லாம் எழுதிவைத்த மாதிரித் தெரிகிறது. அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அடடா, புயலடித்த வீட்டுக்காரி மாதிரியே வேஷம் போட்டிருக்கிறாரே என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன்.

கேப்டன் முதலில் போனார். பூட்ஸைக் கழற்றினார். கைகூப்பினார்.

"வணக்கம் அம்மா. உள்ளே வரலாமா?"

"வேண்டாம் தம்பி."

கேப்டன் புன்னகைத்தார். "உள்ளே வரலாமா அம்மா?"

"வேண்டாம்ப்பா. இன்னிக்கு வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்து, "சார்..." என்றார்.

அந்த 'சார்' நான் எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லை. பரவாயில்லையே, இயல்பாகச் சேர்த்துக்கொள்கிறாரே என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கேப்டனிடம் ஆங்கிலத்தில், "இன்னொரு தடவை, அவ்வளவுதான்" என்றேன்.

மூன்றாவது தடவை கேட்டார்.

டீச்சர் எதிர் பால்கனியைப் பார்த்தார். ராஜகோபாலன் நின்றுகொண்டிருந்தார். வேனிலிருந்து ஏழு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்மண்ட் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேருக்கு நடுவே காரணத்தைச் சொல்ல முடியுமா? டீச்சருக்கு முடியவில்லை.

"வேண்டாம் தம்பி, மன்னிச்சுக்கோங்க" என்று மிக மெதுவாகச் சொன்னார். கேப்டன் படியில் கால் வைத்தார். டீச்சர் விலகிக்கொண்டார்.

வெளியே நின்ற நாங்கள் கைதட்டினோம்.

ஹாலில் ஃபேனுக்குக் கீழே மெத்தை போட்டு டீச்சரின் மகள் ஜென்சி படுத்திருந்தாள். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

[இங்கே பதினோரு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். ஏன் என்பது பின்னால் வரும்.]

கேப்டன் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் மனப்பாடம் செய்த வரி மட்டும் வாயில் வந்தது.

"வணக்கம். உங்கள் வீடு மிகவும் அழகாக இருக்கிறது."

7

அதற்குப் பிறகு டீச்சர் எல்லாருக்கும் காபி போட்டார். முதலில் அவர்கள் வேண்டாம் என்றார்கள், பாடத்தில் இருந்தபடி.

டம்ளரைக் கொடுக்க சமையலறைக்குப் போனேன். திரும்பாமலே சொன்னார்.

"நான் நடிக்கல சார்."

"டீச்சர், எனக்கு..."

"தெரியும் சார். உங்களுக்குத் தெரியாது. அதான் சொல்றேன்."

எவ்வளவு யோசித்தாலும் அதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். டிராஃப்டில் திட்டவைத்துப் பார்த்தேன். அவர் திட்டவில்லை.

இப்போது நீங்கள் நியாயமான ஒரு கேள்வி கேட்பீர்கள். தெரிந்த பிறகாவது அந்தப் பாடத்தை அடித்தீர்களா என்று. இல்லை. மறுநாள் காலை அவர்களுக்கு விமானம். ஏர்போர்ட்டுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். கேப்டனின் நம்பர் இருந்தது. இது டீச்சர் வீட்டில் தற்செயலாக நடந்தது, பாடம் தப்பில்லை என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். எட்டுப் பேரிடமும் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அது தப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் நான்கு மாதம் கழித்து நன்றிக் கடிதமாக வந்தது.

8

கடிதத்தோடு ஒரு படம் இருந்தது. என் போனில் திறக்கவில்லை. அன்றே எட்மண்டின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தோம். நீலக் கதவு, பாதி பெயர்ந்த ஓடு. கேப்டன் சிரிக்கிறார், தோளில் துப்பாக்கி. பூட்ஸ் ஒழுங்காக வாசலில் ஜோடியாக வைக்கப்பட்டிருக்கிறது. ஓரமாக ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். விலகி நிற்கிறார், ஆனால் வலது கை கதவின் விளிம்பை இன்னும் விடவில்லை.

"எட்மண்ட், இந்த லெசனை எடுத்துடணும்."

"எதை சார்? நாலாவதா? சார், க்ளையண்ட் ஃபீட்பேக்ல அதுக்குத்தான் ஹையஸ்ட். ரெண்டாவது பேட்ச் வர்ற பதினெட்டாம் தேதி வர்றாங்க. பன்னண்டு பேர். ப்ரிண்ட் குடுத்தாச்சு."

"மொத தடவை வேண்டாம்னு சொன்னாலே திரும்பி வந்துடுங்கன்னு மாத்தி எழுதித் தரேன்."

"அப்புறம் எப்படி சார் உள்ள போவாங்க?"

"போக வேண்டாம்."

எட்மண்ட் கெட்டவர் இல்லை. ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். "உள்ள யாராவது அடிபட்டுக் கெடந்திருந்தா சார்? இவங்க போனதாலதான் தெரியவந்துதுன்னா?" என்று கேட்டார். அதை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எதுக்கும் நீங்க எழுதிக் குடுங்க. பாக்கறேன் சார்" என்றார்.

* "பாக்கறேன்" என்றால் என்ன என்று உங்களுக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை.

கேப்டனுக்குப் பதில் எழுதினேன். பாடம் தவறு, எழுதியவன் தவறு, அந்தப் பெண்மணி அதற்கு முன்னும் பின்னும் வேறு என்ன சொன்னார், உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அங்கே நெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

9

பதில் வராதபோது கதை எழுதுகிறவன் என்ன செய்வான்? தானே எழுதுவான். அந்த நீலக் கதவுக்கு உள்ளே மூன்று முடிவு எழுதினேன்.

அ) அந்தப் பெண் உபசாரத்துக்குத்தான் வேண்டாம் என்றார். வீடு கலைந்து கிடக்கிறதே என்ற கூச்சம். உள்ளே போனதும் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். குழந்தைகள் கேப்டனின் தொப்பியை (இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அதனாலேயே நிறுத்திவிட்டேன்.)

ஆ) உள்ளே அவர் கணவன் ஒளிந்திருந்தான். எதற்கு ஒளிந்தான் என்பதற்கு ஒரு பக்கம் எழுதினேன். விறுவிறுப்பாக வந்தது. அந்தக் கரையைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

இ) உள்ளே ஹாலில், ஒரு மெத்தையில், ஒரு பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப்

மூன்றாவது எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? ஜென்சியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டில் படுக்க வைத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தக் கதையைப் பற்றி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

10

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போனேன். முதலில் போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனேன். அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

டீச்சர் இளைத்திருந்தார். வீட்டுக்காரியாக நடிக்கிற வேலையை விட்டுவிட்டாராம், எட்மண்ட் பயிற்சிக்கு வேறு வீடு பார்க்கிறாராம். உட்காரச் சொன்னார். கடிதத்தையும் படத்தையும் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானும் அப்பிடித்தான் வெலகுனேன் சார். வெலகுனா சம்மதம்னு நெனச்சுட்டாங்களா?"

"நான்தான் டீச்சர் அப்பிடி நெனக்க வெச்சேன்."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அது நியாயம்தான்.

கதையைப் படித்துக் காட்டினேன். எல்லம்மா பகுதியில் லேசாகச் சிரித்தார். இயேசுவே என்று ஒரு தடவை சொன்னார். வெள்ளிக்கிழமை பகுதி வந்தது. பதினோரு வரி. ஜென்சிக்கு என்ன ஆகியிருந்தது, மெத்தை மேல் என்ன இருந்தது, எட்டு ஆண்கள் கைதட்டும் சத்தம் கேட்டு அவள் என்ன செய்தாள் என்று எல்லாம் அதில் இருந்தது. தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன், நான் எழுதியதிலேயே நல்ல பதினோரு வரி. கதை அதில்தான் நின்றது.

"அது வேண்டாம் சார்" என்றார் டீச்சர்.

"டீச்சர், பேரெல்லாம் மாத்திட்டேன். தெருவக்கூட மாத்திட்டேன். யாருக்கும் தெரியாது."

"தெரியலன்னாலும் வேண்டாம் சார்."

"இல்ல டீச்சர், அத எடுத்துட்டா படிக்கறவங்களுக்கு அந்த வலி..."

நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்த முகமாகக்கூட இருந்திருப்பேன். உள்ளறைக் கதவு திறந்து ஜென்சி வந்தாள். கையில் மடித்துக்கொண்டிருந்த துணி. அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறேன்.

"அங்கிள், அம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. மூணாவது தடவையும் சொல்லணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. அங்கேயே, டீச்சர் பார்க்க, பதினோரு வரியையும் அடித்தேன். மற்றதெல்லாம் இருக்கட்டுமா என்று கேட்டேன். மகளிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "இருக்கட்டும்ங்கறா" என்றார். அதனால்தான் மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது.

11

நீலக் கதவு வீட்டுப் பெண்ணிடம் போய்க் கேட்க எனக்கு வழியில்லை. பெயரும் தெரியாது. ஆனால் அவர் பதிலைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று தடவை சொல்லியிருக்கிறார். எழுத்தில், தேதியோடு, என் இன்பாக்ஸில் இருக்கிறது.

அ, ஆ, இ மூன்றையும் கிழித்துவிட்டேன். மேலே நீங்கள் பார்த்தது நினைவிலிருந்து எழுதிய மிச்சம். அந்த வீட்டுக்குள் தேநீர் இருந்ததா, கணவன் இருந்தானா, மெத்தை இருந்ததா என்று எழுத மாட்டேன்.

வருகிற பதினெட்டாம் தேதி பன்னிரண்டு பேர் வருகிறார்கள். புதிய நான்காம் பாடத்தை எழுதி எட்மண்டிடம் கொடுத்தாயிற்று. ஒரே வரிதான். எந்தத் தாளை அவர் பிரதி எடுத்து வைத்திருக்கிறார் என்று தெரியாது. காலை ஒன்பது மணிக்கு வேன் வரும்போது நானே கீழே நின்று, ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்வதாக இருக்கிறேன். கேட்பார்களா, கேட்டபடி நடப்பார்களா என்பதையும் என்னால் எழுத முடியாது.

இது முடிவில்லாத கதை என்று உங்களுக்கு எரிச்சல் வரலாம். பணம் கொடுத்துப் புத்தகம் வாங்கியவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். நியாயம்தான். உங்களுக்கே ஒரு முடிவு தோன்றியிருக்கும், இந்நேரம் கதவைத் தாண்டியும் இருப்பீர்கள். உங்களை நான் தடுக்க முடியாது. அந்தப் பெண்ணாலும் முடியாது, அவர் விலகித்தான் நிற்பார். போவதற்கு முன்னால் அவர் கையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். நான் இங்கேயே நின்றுகொள்கிறேன்.